கம்ப்யூட்டர் முன் அமர்பவரும் தொழிலாளியே

பெங்களூர்த் தமிழர் குடும்பங்களில் கல்யாணப் பேச்சு எழும்போது, "பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான்" என்ற ஒரு வார்த்தை போதும்; மற்றக் கேள்விகள் பின்வரிசைக்குப் போய்விடும். பெண்ணும் அதே வேலையில் இருந்தால் பேச்சு இன்னும் விரைவில் முடியும். சம்பளம் எவ்வளவு, வெளிநாடு போக வாய்ப்பு உண்டா, சொந்த வீடு வாங்கியாயிற்றா என்று விசாரிப்பவர்கள் உண்டு. ஆனால் வேலை நேரம் எத்தனை மணி, வேலைக்குப் பாதுகாப்பு என்ன, நாளைக்கே "நீங்கள் வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் கையில் என்ன கிடைக்கும் என்று விசாரிப்பவர்கள் அரிது. அந்த வேலையில் இருப்பவரே இதைக் கேட்டுப் பார்த்ததில்லை என்பதுதான் வேதனை.

இந்த இளைஞர்களில் பலருடைய தந்தையரும் பாட்டன்மாரும் பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்தவர்கள். பின்னி மில்லில் தறி ஓட்டியவர்கள் உண்டு. 1940-இல் தொடங்கிய விமானத் தொழிற்சாலையிலும், 1948-இல் தூரவாணி நகரில் எழுந்த டெலிபோன் தொழிற்சாலையிலும், பின்னர் ஜாலஹள்ளியில் வந்த எச்.எம்.டி., பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளிலும் லேத் பிடித்தவர்களும் கணக்கு எழுதியவர்களும் உண்டு. கோலார் தங்க வயலில் பூமிக்கடியில் இறங்கியவர்களும் உண்டு. அவர்கள் வாங்கிய சம்பளம் குறைவு. ஆனால் தொழிற்சாலையில் சங்கு ஊதினால் வேலை தொடங்கும். மறு சங்கு ஊதினால் வேலை முடியும். அதற்கு மேல் நின்றால் ஓவர்டைம். அதற்கு இரட்டிப்புக் கூலி. ஒருவரை வேலையை விட்டு நீக்க வேண்டுமானால் குற்றப்பத்திரிகை, விளக்கம், விசாரணை என்று படிகள் இருந்தன.

பிள்ளைக்குச் சம்பளம் பல மடங்கு. ஆனால் தந்தைக்குக் கிடைத்த அந்தப் படிகளில் ஒன்றைக்கூடப் பிள்ளை அறிய மாட்டார். இந்த மாற்றம் எப்படி வந்தது? இது இப்படியே இருக்கத்தான் வேண்டுமா?

பெயர் மாறிய கதை

கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978-இல் ஓசூர் சாலையில் 332 ஏக்கர் நிலத்தில் எலெக்ட்ரானிக் சிட்டியை அமைத்தபோது, அது ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவே கிடந்த இடம். 1985-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் அலுவலகம் திறந்தது. 1991-இல் மென்பொருள் பூங்காத் திட்டம் வந்தது. 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது உலகத்துக் கம்ப்யூட்டர்களெல்லாம் தேதியைத் தவறாகப் படித்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தபோது, அதைச் சரி செய்ய ஆயிரக்கணக்கான இந்திய இளைஞர்கள் தேவைப்பட்டார்கள். திருச்சியிலும் கோவையிலும் நெல்லையிலும் என்ஜினீயரிங் படித்தவர்கள் பெட்டியோடு பெங்களூர் வந்து இறங்கினார்கள்.

அதே காலத்தில் பழைய தொழில்கள் சரிந்தன. 2001-இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வரத் தொடங்கினார்கள். எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிலை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. சங்கம் இருந்த இடங்கள் மூடின. சங்கம் இல்லாத இடங்கள் வளர்ந்தன. ஆகவே சங்கம் இல்லாததுதான் வளர்ச்சிக்குக் காரணம் என்று பலரும் எண்ணிவிட்டார்கள். மேலும், புதிய இடத்தில் 'தொழிலாளி' என்ற சொல்லே கிடையாது. 'அசோசியேட்' என்றார்கள், 'புரொபஷனல்' என்றார்கள், கணக்குப் புத்தகத்தில் 'ரிசோர்ஸ்' என்றார்கள். குளிரூட்டிய அறை, கழுத்தில் அடையாள அட்டை, ஆங்கிலப் பேச்சு. இவற்றுக்கு நடுவே தன்னைத் தொழிலாளி என்று சொல்லிக்கொள்ள இளைஞருக்குக் கூச்சம் வந்தது. பெயர் போனதும், அந்தப் பெயரோடு வந்த உரிமைகளும் மறந்து போயின.

ஒரு நாள் எப்படிக் கழிகிறது?

மடிவாளாவிலோ மாரத்தஹள்ளியிலோ ஓர் அறையில் இரண்டு மூன்று பேராகத் தங்கியிருக்கும் இளைஞரின் நாள் காலை எட்டு மணிக்குத் தொடங்குகிறது. வொயிட்பீல்டுக்கு 2023-இல் மெட்ரோ ரயில் வந்தது. எலெக்ட்ரானிக் சிட்டி வழியே பொம்மசந்திராவுக்கு 2025 ஆகஸ்டில் வந்தது. அந்தப் பாதைகளில் பயணம் இலகுவாயிற்று. வெளிவட்டச் சாலையில் அலுவலகம் உள்ளவர்களுக்கோ சில்க் போர்டு சந்திப்பும் அதன் நெரிசலும் இன்னும் அன்றாட விதிதான்.

அலுவலகம் சேர்ந்ததும் நேற்று முடித்தது என்ன, இன்று முடிக்கப் போவது என்ன என்று நின்றபடியே ஒப்புவிக்கும் கூட்டம். பிறகு வேலை. அந்த வேலையும் பெரும்பாலும் புதிதாக ஒன்றைப் படைப்பதல்ல. எங்கோ ஒரு நாட்டு வங்கிக்காகவோ கடைக்காகவோ யாரோ எழுதி வைத்த நிரலில் கோளாறு கண்டு திருத்துவது. திருத்தியது சரிதானா என்று சோதிப்பது. சோதித்ததைப் பட்டியலில் ஏற்றுவது. பேரேட்டில் ஒரு பைசா இடிக்கும்போது குமாஸ்தா பக்கம் பக்கமாகத் தேடுவதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. கவனமும் பொறுமையும் நேர்மையும் கேட்கும் வேலை. மதிப்புள்ள வேலைதான்; ஆனால் மந்திர வேலையல்ல.

மாலை ஆனதும் வேலை முடிகிறதா? நியூயார்க்கில் காலை ஒன்பது மணி அடிக்கும்போது பெங்களூரில் மாலை ஆறரை; குளிர்காலத்தில் ஏழரை. அங்குள்ளவர் நாற்காலியில் அமரும் நேரத்தில் இங்குள்ளவர் எழுந்துவிட முடியாது. இரவு பத்து மணி வரை தொலைபேசிக் கூட்டம். சில வாரங்களில் இரவுக் காவல் முறையும் வரும். நள்ளிரவு இரண்டு மணிக்கு எங்காவது ஓர் இயந்திரம் நின்றால் தலைமாட்டில் உள்ள செல்போன் அலறும். எழுந்து பார்க்க வேண்டும். மறுநாள் காலைக் கூட்டத்துக்கும் வர வேண்டும். இதற்கு ஓவர்டைம் உண்டா என்று கேட்டால் உடன் இருப்பவர்களே சிரிப்பார்கள்.

சென்னையில் பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளருக்காக 1918-இல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டபோது, அது எழுப்பிய முதல் குறைகளில் ஒன்று சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. நூறு ஆண்டுகளுக்குப் பின், அந்தத் தொழிலாளரின் கொள்ளுப்பேரன் காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் சாப்பிட்டு மறு கையால் தட்டச்சு செய்கிறார். இடைவேளை கேட்க வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

சம்பளச் சீட்டைப் படித்தால்

சம்பளம்தான் இத்தனைக்கும் ஈடு என்பார்கள். சம்பளத்தையும் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம்.

ஆண்டுக்கு ஆறு லட்சம் என்று கடிதம் வருகிறது. மாதம் ஐம்பதாயிரம் என்று வீட்டில் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் கடிதத்தில் உள்ளது சம்பளமல்ல. அவரை வைத்துக்கொள்வதற்கு நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அதில் அறுபதாயிரம், ஆண்டு முடிவில் நிறுவனத்தின் நிலையையும் மேலதிகாரியின் மதிப்பெண்ணையும் பார்த்துத் தரப்படும் தொகை என்று வைத்துக்கொள்ளலாம். பிராவிடண்ட் பண்டுக்கு நிறுவனத்தின் பங்கு மாதம் 1,800 வீதம் 21,600 ரூபாய். அடிப்படைச் சம்பளம் மூன்று லட்சமானால் கிராஜுவிட்டிக்கென்று சுமார் 14,400 ரூபாய். இவை போக, ஊழியரின் பங்காகப் பண்டுக்கு 1,800 ரூபாயும் தொழில் வரி 200 ரூபாயும் மாதந்தோறும் பிடித்தால், கைக்கு வருவது ஏறத்தாழ நாற்பதாயிரம்.

இதில் கிராஜுவிட்டியைக் கவனிக்க வேண்டும். நிரந்தர ஊழியருக்கு ஐந்தாண்டுத் தொடர் சேவை இருந்தால்தான் அது கிடைக்கும். மாதம் 25,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் வாங்குபவர் ஐந்தாண்டு முடித்து விலகினால் சுமார் 72,000 ரூபாய் வரும். ஆனால் இந்தத் துறையில் இரண்டு, மூன்று ஆண்டுகளில் நிறுவனம் மாறுவதே வழக்கம். அப்படி மாறுபவருக்கு அந்தத் தொகை சம்பளக் கடிதத்தில் மட்டுமே இருக்கும். பையில் ஒருநாளும் விழாது.

படித்து முடித்துப் புதிதாகச் சேருபவரின் நிலையும் பாராட்டும்படி இல்லை. பெரிய நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஆண்டுக்கு மூன்று முதல் நான்கு லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. வாடகையும் கல்லூரிக் கட்டணமும் அப்படி நிற்கவில்லை. இந்நகரில் வீட்டுக்கு முன்பணமாகப் பத்து மாத வாடகை கேட்பதும் பழகிப்போன ஒன்று.

நல்ல சம்பளம் வாங்குபவர் உடனே செய்வது வீட்டுக் கடன். தவறில்லை, சொந்த வீடு என்பது வெளியூர் வந்து வாழ்பவரின் நெடுநாள் ஏக்கம். ஆனால் கடன் இருபது ஆண்டுக்கு. வேலைக்கான உறுதியோ மூன்று மாத நோட்டீசுக்கு மேல் இல்லை. இந்த இரண்டும் ஒன்றையொன்று தாங்குமா என்று கடன் கொடுத்த வங்கியும் கேட்பதில்லை, வாங்கியவரும் கேட்பதில்லை.

நாற்காலி காலியாகும்போது

வேலை போவது எப்படி நடக்கிறது? தொழிற்சாலையில் அறிவிப்புப் பலகையில் பெயர் ஒட்டுவார்கள். நூறு பேர் கூடி நிற்பார்கள். இங்கே அது ஒவ்வொருவராக, மூடிய அறையில் நடக்கிறது. பதினைந்து நிமிடக் கூட்டத்துக்கு அழைப்பு வரும். எதிரே பணியாளர் துறையைச் சேர்ந்தவர்கள். "நீங்களே ராஜினாமா கொடுத்துவிட்டால் அனுபவச் சான்றிதழில் குறை இருக்காது, இல்லாவிட்டால் நாங்களே நீக்க வேண்டி வரும்." அடுத்த வேலைக்கு அந்தச் சான்றிதழ்தான் உயிர். ஆகவே கையெழுத்து விழுகிறது. அன்று மாலையே கம்ப்யூட்டரும் அடையாள அட்டையும் திரும்பப் போய்விடுகின்றன.

அந்தக் கையெழுத்தின் விலை என்ன என்று அப்போது அவருக்குத் தெரியாது. ஆட்குறைப்பு என்றால் ஓராண்டு சேவை முடித்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ், ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் 15 நாள் சம்பளம் என்று சட்டம் நஷ்டஈடு வகுத்திருக்கிறது. ஒரே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும் என்ற நெறியும் உண்டு. ராஜினாமா கொடுத்தவருக்கோ இவை எதுவும் இல்லை. அவர் தாமாகவே போனவர்! இன்னொன்றும் போகிறது. வயதான பெற்றோருக்கும் சேர்த்து நிறுவனம் எடுத்திருந்த மருத்துவ இன்சூரன்ஸ் வேலையோடு முடிந்துவிடுகிறது. ஊரில் தகப்பனாருக்கு இருதய ஆபரேஷன் குறித்திருக்கும் வேளையில் இது நேர்ந்தால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன?

இவற்றை எல்லாம்விடக் கொடியது அவமானம். ஆலை மூடினால் ஊரே அனுதாபப்படும். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை போனால், "இவன் திறமை குறைந்தவன் போலிருக்கிறது" என்று பேச்சு வரும் என்ற பயம். அதனால் வீட்டுக்குச் சொல்லாமல், வழக்கம்போல் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, காப்பிக் கடையில் அமர்ந்து வேலை தேடுபவர்கள் இந்நகரில் இருக்கிறார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் "லீவு கிடைக்கவில்லை" என்று சொல்பவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் வேலையே இல்லையோ?

இது ஓரிருவர் கதையல்ல. 2001-இலும் 2008-இலும் அமெரிக்காவில் தொழில் படுத்தபோது அதன் அதிர்ச்சி இங்கு வந்தது. 2022 இறுதியிலிருந்து உலகப் பெரும் நிறுவனங்கள் பல்லாயிரம் பேரை அனுப்பின. 2025 ஜூலையில் நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனமான டி.சி.எஸ்., சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாகவும், அவர்களில் பெரும்பாலோர் நடுத்தர, மேல்நிலைப் பதவிகளில் இருப்பவர்கள் என்றும் அறிவித்தது. இப்போது நிரல் எழுதும் வேலையையே ஒரு பகுதி இயந்திரம் செய்கிறது. செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் கேட்டாலே நாற்பது வயதுக்காரருக்கு நெஞ்சு படபடக்கிறது.

குமாஸ்தா பெற்ற ஒப்பந்தம்

இயந்திரம் வந்து வேலையைத் தின்றுவிடும் என்ற அச்சம் புதிதல்ல. இதே கம்ப்யூட்டரைக் கண்டு ஒரு காலத்தில் அஞ்சியவர் குமாஸ்தா. எல்.ஐ.சி. ஊழியர்கள் 1960-களில் கம்ப்யூட்டரை எதிர்த்துப் பெரும் போராட்டம் நடத்தினார்கள். வங்கி ஊழியர்களும் எதிர்த்தார்கள். அன்று அவர்களை முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்பவர்கள் என்று ஏசியவர்கள் உண்டு.

ஆனால் நடந்தது என்ன? 1983-இல் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் ஒரே மேசையில் அமர்ந்து, எந்தக் கிளைகளில் எந்த இயந்திரங்கள் வரலாம், அவற்றை இயக்குபவருக்கு என்ன தனிப் படி என்று ஒப்பந்தம் எழுதின. 1987-இலும் 1993-இலும் மேலும் ஒப்பந்தங்கள் வந்தன. இயந்திரம் வந்தது; வங்கிகள் வளர்ந்தன; குமாஸ்தாவும் பேனாவை வைத்துவிட்டு விசைப்பலகையைக் கற்றுக்கொண்டார். 2000-01-இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது பல்லாயிரம் பேர் வெளியேறினார்கள் என்பது உண்மை. ஆனால் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, பென்ஷனுக்கு உரியவர்கள் அதையும் பெற்றுக்கொண்டு வெளியேறினார்கள். பதினைந்து நிமிடக் கூட்டத்தில் அல்ல.

கம்ப்யூட்டரை அந்தச் சங்கங்கள் தடுத்துவிடவில்லை, தடுக்கவும் முடியாது. அது எந்த முறையில் வர வேண்டும் என்று பேசும் உரிமையைத்தான் பெற்றார்கள். இன்று அதே கம்ப்யூட்டரை இயக்கிப் பல மடங்கு சம்பளம் வாங்குபவருக்கு, அதைவிடப் பெரிய இயந்திரம் வரும்போது, பேச ஒரு மேசையும் இல்லை; மேசைக்கு அனுப்ப ஓர் ஆளும் இல்லை.

சட்டத்தில் ஒரே வரி

சட்டம் இவரைக் கைவிட்டுவிட்டதா என்றால், இல்லை. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம் 'தொழிலாளி' யார் என்று சொன்ன வாக்கியத்தில் உடலுழைப்பு, தொழில்நுட்பம், எழுத்தர் வேலை எல்லாம் ஒரே வரியில் இருந்தன. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. அதிலும் அந்த வரி அப்படியே இருக்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும், மேற்பார்வை வேலை செய்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவரும்தான் அதற்கு வெளியே. நிரல் எழுதுபவரும் சோதிப்பவரும் தொழில்நுட்ப வேலை செய்பவர்கள். அவர்கள் சம்பளம் எவ்வளவு என்று சட்டம் கேட்கவில்லை. 'மானேஜர்' என்று அட்டையில் அச்சடித்திருப்பதும் முடிவான சாட்சியல்ல. செய்யும் வேலை என்ன என்பதே முக்கியம் என்று நீதிமன்றங்கள் பல முறை சொல்லியிருக்கின்றன. மென்பொருள் நிறுவன ஊழியர்கள் சங்கம் வைக்கத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016-இல் தெளிவுபடுத்தியது. கர்நாடகத்தில் 2017-இல் ஐ.டி. ஊழியர்களுக்கென்றே ஒரு சங்கம் தோன்றியது.

அப்படியானால் குறை எங்கே? ஒரு பங்கு அரசிடம். வேலை நிபந்தனைகளையும் ஒழுங்கு நடவடிக்கை முறையையும் எழுதி வைக்கச் சொன்ன 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்திலிருந்து ஐ.டி. நிறுவனங்களுக்குக் கர்நாடக அரசு தொடர்ந்து விலக்கு அளித்து வந்தது. 2014-இலும், 2019-இலும், 2024-இலும் அது ஐந்தைந்து ஆண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. குறைதீர் குழு அமைக்க வேண்டும், நீக்கம் முதலியவற்றைத் தொழிலாளர் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடுதான் அந்த விலக்கு தரப்பட்டது. நிபந்தனைகள் காகிதத்தில் நின்றனவா, நடப்பில் வந்தனவா என்று கேட்க ஊழியர்கள் திரண்டு வரவில்லை. புதிய தொகுப்பிலும் விலக்கு அளிக்கும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது. அது எப்படிப் பயன்படும் என்பது கேட்பவர் குரலைப் பொறுத்தது.

குரல் எழுந்தால் பலன் உண்டு என்பதற்குச் சான்று வெகு தூரத்தில் இல்லை. கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் 1961-இல் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. 2023 அக்டோபரில் இன்போசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2024 ஜூலையில் ஐ.டி. ஊழியரை நாளுக்கு 14 மணி வரை வேலை வாங்க இடம் தரும் யோசனை எழுந்தது. ஊழியர் சங்கம் தெருவுக்கு வந்தது, பத்திரிகைகள் எழுதின, அந்த யோசனை அந்த வடிவில் சட்டமாகவில்லை. சிறிய சங்கத்தின் சிறிய குரல்தான். எல்லோரும் சேர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

எதிர்வாதம்

சங்கம் என்றால் கம்பெனிகள் ஐதராபாத்துக்கோ வேறு நாட்டுக்கோ போய்விடும் என்று சொல்வாரும் உண்டு. ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. மென்பொருள் நிறுவனத்தில் 2006-இலிருந்து ஊழியர் மன்றம் இருக்கிறது. அதனால் அந்த நிறுவனம் குடிபெயர்ந்துவிடவில்லை; வொயிட்பீல்டில் அதற்குப் பெரிய அலுவலகமே உண்டு. நியாயமான வேலை நேரத்தால் ஓடிப்போகும் தொழில், நாளை இதைவிட மலிவான ஆள் வேறெங்காவது கிடைத்தாலும் ஓடத்தான் போகிறது.

பழைய சங்கங்களிடம் குறையே இல்லையா என்றால், உண்டு. 1980-81-இல் பெங்களூர்ப் பொதுத்துறைத் தொழிலாளர் 77 நாள் வேலைநிறுத்தம் செய்தும் கேட்டது கிடைக்காமல் திரும்பினார்கள். விற்காத சரக்கைச் சங்கம் விற்றுத் தர முடியாது, எச்.எம்.டி. கடிகாரமே அதற்குச் சாட்சி. தொழில் மாறும், திறமை பழசாகும், கற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதெல்லாம் சரியே. ஆனால் கற்றுக்கொள்ள நேரம் வேண்டும். நாளில் பதின்மூன்று மணி நேரத்தை வேலைக்கே கொடுத்துவிட்டவர் எப்போது கற்பது?

இன்னொரு கூட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. அதே கண்ணாடிக் கட்டடத்தில் தரை துடைப்பவர், வாசலில் நிற்கும் காவலாளி, இரவில் ஊழியரை வீட்டில் விடும் டிரைவர், கேண்டீனில் பரிமாறுபவர். இவர்களில் தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துத் தமிழர்களும் உண்டு. எல்லோரும் குத்தகைதாரரின் ஆட்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது என்ஜினீயர்கள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். டிரைவரும் பரிமாறுபவரும் வருமானமின்றித் தவித்தார்கள். அன்று அவர்களுக்காக என்ஜினீயர்களில் பேசியவர்கள் மிகச் சிலர். இன்று என்ஜினீயருக்கே ஆள் தேவைப்படுகிறது. தொழிலாளி என்ற பெயரைக் கூசாமல் ஏற்றிருந்தால் இருவருக்கும் துணை இருந்திருக்கும்.

செய்ய வேண்டியவை

பெரிய புரட்சி எதுவும் வேண்டியதில்லை. முதலில் கையில் உள்ள காகிதத்தைப் படிக்க வேண்டும். நியமனக் கடிதம் ஒவ்வோர் ஊழியருக்கும் தரப்பட வேண்டும் என்று இப்போது சட்டமே சொல்கிறது. அதில் வேலை நேரம், நோட்டீஸ் காலம், ஆண்டு முடிவுத் தொகை ஆகியவை எப்படி எழுதியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். சம்பளச் சீட்டுகளையும் மதிப்பீட்டுக் கடிதங்களையும் கம்பெனிக் கம்ப்யூட்டரில் மட்டும் வைக்காமல் வீட்டிலும் பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் போகும் நாளில் அவையும் போய்விடும். அடிப்படைச் சம்பளமும் அதனோடு சேரும் படிகளும் மொத்தத்தில் பாதிக்குக் குறையக் கூடாது என்ற புதிய விதி தம் சீட்டில் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பண்டும் கிராஜுவிட்டியும் அதைப் பொறுத்தவை.

மூடிய அறையில் ராஜினாமாக் காகிதத்தை நீட்டினால், "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து வருவது குற்றமல்ல. ஒரு நாள் அவகாசத்தில் சங்கத்திடமோ வக்கீலிடமோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ கேட்டுவிடலாம். விலகினாலும் நீக்கினாலும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளக் கணக்கை முடித்துத் தர வேண்டும் என்பது இன்றைய சட்டம். இருபது தொழிலாளருக்குக் குறையாத நிறுவனத்தில் குறைதீர் குழு இருக்க வேண்டும். தம் அலுவலகத்தில் அது யார் யார் என்று கேட்பதே ஒரு தொடக்கம். ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேரும்வரை பெரிய கடனில் இறங்காதிருப்பதும், பெற்றோருக்குத் தனியே ஒரு மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்து வைப்பதும் குமாஸ்தா வீட்டுச் சிக்கனம்தான். ஆனால் கம்ப்யூட்டர் வீட்டுக்கும் அது பொருந்தும்.

குடும்பத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பிள்ளையின் சம்பளத்தைப் பெருமையாகச் சொல்லும் தந்தை, பிள்ளையின் வேலை நேரத்தையும் ஒரு நாள் கேட்க வேண்டும். வேலை போயிற்று என்று சொன்னால் முதல் வார்த்தை "ஏன்?" என்பதாக இராமல், "சாப்பிட்டாயா?" என்பதாக இருக்க வேண்டும். லாக்அவுட்டையும் லே-ஆஃபையும் பார்த்தவர்கள், ஸ்ட்ரைக் நாட்களில் கடன் வாங்கி அடுப்பெரித்தவர்கள் இந்த வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். வேலை போவது விதியுமல்ல, வெட்கமுமல்ல என்பதை அவர்களைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

குமாஸ்தாவும் லேத் தொழிலாளியும் ஒரு காலத்தில் ஒருவரையொருவர் வேறு சாதியாகவே பார்த்தார்கள். வெள்ளைச் சட்டை, நீலச் சட்டை என்றுகூடப் பிரித்தார்கள். சட்டம் இருவரையும் ஒரே வரியில் எழுதியது. காலப்போக்கில் அவர்களும் ஒரே வாசலில் நின்று பேசக் கற்றார்கள். கம்ப்யூட்டர் முன் அமர்பவரின் பெயரும் அதே வரியில்தான் இருக்கிறது. அதைப் படித்துப் பார்த்து, தம்முடையது என்று சொல்லிக்கொள்ள வேண்டியது மட்டுமே பாக்கி.